வாடைக்கு முன் ஒரு பிடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிக்கனமும் சேமிப்பும் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். "வருகிற காசு வாய்க்கும் வயிற்றுக்குமே போதவில்லை, மிஞ்சினாலல்லவா சேமிக்கலாம்?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அன்பர்களே, மிஞ்சட்டும் என்று காத்திருப்பவனுக்கு ஒருநாளும் மிஞ்சுவதில்லை. இதைச் சொல்லவே வந்தேன்.

நமது திருக்கோணமலைக் கடலைப் பாருங்கள். வாடைக்காற்று எழுந்தால் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையிலே கிடக்கும். அக்காலம் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாத உழைப்பிலே பன்னிரண்டு மாதம் அடுப்பெரிய வேண்டும். ஆகவே கைக்கு வரும் 3 ரூபாவில் 1 ரூபா வாடைக்கு உரியது. மீன் நன்றாகப் பட்ட நாளில் மூன்றையும் செலவழித்தவன் மார்கழியிலே அடகுகடைப் படி ஏறுகிறான். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அம்மாவின் சோடிக் காப்பு அடகுக்குப் போயிற்று. வட்டி கட்ட இயலாமல் மூழ்கியும் போயிற்று. அதன்பின் அவர் கையிலே பொன் ஏறவேயில்லை.

மாதச் சம்பளக்காரருக்கு வாடை இல்லை என்று எண்ணவேண்டாம். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் இத்துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது, அதை நம்பியிருந்த பலர் வேலை இழந்தனர். அதுவும் ஒரு வாடையே.

அப்படியாயின் வழி என்ன? பிடியரிசியை நினைத்துப் பாருங்கள். நம் தாய்மார் உலையிலே அரிசி இடுமுன்பே ஒரு பிடி எடுத்துப் புறம்பாக வைத்தனர். சோறு மிஞ்சினால் பார்ப்போம் என்று அவர்கள் இருக்கவில்லை. அந்தப் பிடியரிசி மடங்களுக்கும் சைவப் பாடசாலைகளுக்கும் உதவியது. காசுக்கும் அதுவே முறை. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைப் பிரித்துவிடுங்கள். எஞ்சியதிலே செலவு செய்யுங்கள்.

அதை எங்கே வைப்பது? 1885இல் தொடங்கிய தபாற் சேமிப்பு வங்கியும், 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தன. அங்கு இடும் பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பு நிற்கிறது. தபாற் கந்தோரிலும் பணம் இடலாம்.

இரண்டாவதாக, ஒரு கொப்பி வாங்கி அன்றாடச் செலவை எழுதுங்கள். கடைத்தெருவிலே கவனமின்றிப் போகும் 100 ரூபா, ஆண்டு முடிவில் 36,500 ரூபா! எழுதிப் பார்த்தாலன்றி இது கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவதாக, ஊர் மெச்சக் கொண்டாடுவதற்குக் கடன் வாங்காதீர்கள். வாரத் தவணைச் சிறுகடன்கள் எத்தனை பெண்களை வாட்டின! 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களைத் தீர்க்க அரசாங்கமே முன்வர நேர்ந்தது. அவற்றுள் நமது மாவட்டமும் ஒன்று. சபையிலே ஒருநாட் புகழ். வாசலிலே ஓராண்டுத் தலைகுனிவு!

"2022இல் விலைவாசி ஏறியபோது சேமித்த காசும் தேய்ந்ததே?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு விலைச் சுட்டி, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. காசு தேய்ந்தது உண்மை. ஆயினும் தேய்ந்த காசு கையிலிருந்தவன் அரிசி வாங்கினான். ஒன்றுமில்லாதவன் வட்டிக்கு வாங்கினான்.

வாலிபர்களே, முதற் சம்பளத்திலேயே தொடங்குங்கள். தொகை சிறிதாயினும் பழக்கம் பெரிது. உங்கள் வீட்டுத் தாய்மாரின் காப்பு அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.