பகுதியும் விகுதியும்



கணினிக்குத் தமிழ் கற்பிப்போர் செய்யும் வேலைகளுள் ஒன்று, ஒரு சொல்லை அதன் அகராதி வடிவத்திற்குக் கொண்டு சேர்ப்பதாகும். 'வந்தான்', 'வருகிறாள்', 'வராதவர்' என எவ்வடிவில் வரினும் அது 'வா' என்பதே என இயந்திரம் அறிய வேண்டும்.

இது நம் மாணவர் எழுதும் பகுபத உறுப்பிலக்கணமே அன்றி வேறில்லை. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த வழி அது. 'வந்தான்' என்பதில் 'வா' பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், முதல் தகரம் சந்தி, அது 'ந்' ஆனதும் விகாரம், அடுத்த தகரம் இறந்தகால இடைநிலை, 'ஆன்' விகுதி. ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் வாலை நறுக்கினால் வேலை முடியும். இங்கு நறுக்கினால் 'வந்' என்னும் துண்டே மிஞ்சும். 'பவானி ஆற்றில் குளித்தான்', 'கடமை ஆற்றினான்' என்னும் இரண்டிலும் ஈற்றை நீக்கினால் 'ஆற்று' என்றே நிற்கும். முன்னதன் அகராதிச் சொல் 'ஆறு', பின்னதற்கு 'ஆற்று'. 'படிந்தான்', 'படித்தான்' இரண்டிற்கும் பகுதி 'படி'தான். ஒன்று அடங்கிப்போதல், மற்றொன்று கற்றல். நம் முன்னோரிடம் முன்னதை மட்டுமே எதிர்பார்த்தார்கள்!

நம் மாவட்டத்து எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடுத்துக்காட்டுகளைக் கொண்டு கணினியே இப்பகுப்பைக் கற்கும் முறையை 2010இல் வெளியிட்டனர்.

இயந்திரத்தின் இடர்ப்பாடு நம் பிள்ளைகளுக்கும் உண்டு. கேட்டறிய வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளை அகராதியில் 'வந்தான்' என்று தேடினால் கிடைக்காது, மூடி வைத்துவிடும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, வினைகளைத் 'தல்', 'த்தல்' என்னும் ஈறுகளால் பிரித்துக் காட்டும். அது புலவர்க்கு உரியது. 1992இல் முதலில் வெளிவந்த க்ரியா அகராதியோ, 'செய்' என்று பகுதியை முன்நிறுத்தி, அருகிலேயே 'செய்ய, செய்து' எனத் தருகிறது. மாலை வகுப்புகளுக்கு இதையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் 'வாடா', 'வாங்க', 'வந்தான்', 'வந்தார்' யாவும் ஒன்றாகிவிடும். நம் ஊர்களிலே மானமும் அவமானமும் பகுதியிலா இருந்தன? ஈற்றில் அல்லவா இருந்தன! நரைத்த தலையுடைய பெரியவர் 'வந்தேனுங்க சாமி' என்பார். பண்ணையார் வீட்டுச் சிறுவன் 'வாடா' என்பான். இரண்டிற்கும் சொல் 'வா'தான். மேலும், 'வந்தேனுங்க' என்பதிலுள்ள 'ங்க' வந்தவரைக் குறிப்பதன்று, கேட்பவரை உயர்த்துவது. எழுத்துத் தமிழை மட்டும் கற்ற இயந்திரம் இதில் தடுமாறும்.

ஆகவே பகுதியோடு விகுதியையும் குறித்து வைக்கும் பகுப்பே நமக்கு வேண்டும். நம் முதியோரின் பேச்சைப் பதிவு செய்யும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இலக்கணத் தமிழாகத் திருத்தி எழுதாதீர்கள். 'ங்க', 'சாமி', 'டா' எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பகுதியைப் பின்னர் எவரும் பிரித்துக்கொள்ளலாம்.