கோடும் வண்ணமும்: ஓவியர் ஆதிமூலம்



கல்வராயன் மலையடியில் பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் இவ்வட்டத்தின் விழாவில், ஓவியர் கே. எம். ஆதிமூலம் குறித்துப் பேச விழைகிறேன். கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்றும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள். பச்சைமலையை அடுத்த துறையூர்ப் பகுதியில், கீரம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம் அவ்வகையில் நம் அண்டை நிலத்தவர்.

சென்னை ஓவியக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராகவும், சிற்பி தனபால் ஆசிரியராகவும் விளங்கிய காலத்தில் பயின்று, 1966இல் பட்டயம் பெற்றார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்கள் அவருக்குப் புகழ் சேர்த்தன. மன்னர் வரிசை ஓவியங்களும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த படங்களும், சிற்றிதழ் ஓவியங்களும் தமிழ் வாசகர் அறிந்தவை. அவர்களுக்கு ஆதிமூலம் என்றால் கறுப்பு மையின் கோடு.

பிற்கால வண்ண ஓவியங்களில் அந்தக் கோடு இல்லை. மலை, மரம், ஆறு எனச் சுட்டத்தக்க உருவமும் இல்லை. அடர்ந்த வண்ணப் பரப்புகள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. ஆயினும் காண்பவர் நிலத்தையும் வெளியையும் உணர்கிறார். கோமுகி அணைக்கரையில் நின்று நோக்குங்கள்: தொலைவில் நீலமாய்த் தோன்றும் மலை, நெருங்கப் பச்சையாகிறது, அடிவாரத்தில் மண்ணும் கல்லுமாகப் பிரிகிறது. மலையின் நிறம் எது? இவ்வினாவையே அவர் வண்ணங்களால் எழுப்பினார்.

முதல், கரு, உரி எனப் பொருளை வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் உரியையே தலைமையாகக் கொண்டார். நம் கவிதைகளிலோ அருவியும் முகிலும் கடுக்காய் மரமும் கருப்பொருளாக நிரம்பியிருக்க, உரிப்பொருளைத் தேட வேண்டியுள்ளது. பெயரைச் சொன்னதும் மலை வந்துவிட்டதாக நம்புகிறோம். உருவத்தை முற்றக் கற்றவர் ஆதிமூலம். கோட்டோவியத்தை அவர் அடியோடு கைவிட்டவரும் அல்லர். எனினும் வண்ணம் வேறொன்றைக் கேட்டபோது, தமக்குப் பெயர் தந்த திறனையே விலக்கி வைத்தார். கைவந்த உவமையை விலக்கும் துணிவு நமக்கு உண்டா?

2008இல் மறைந்த அக்கலைஞரை நூல் அட்டைகளோடு நிறுத்திவிடாமல், அவருடைய வண்ண ஓவியங்களையும் தேடிக் காணுங்கள். அடுத்த பத்தாண்டில் இங்கு வாசிக்கப்படும் ஒவ்வொரு மலைப்பாட்டையும், ‘இதன் உரிப்பொருள் யாது?’ என்று கேளுங்கள்.