அப்பா காட்பாடி வரைக்கும் நின்னுட்டே வந்தார்: ரயில்ல இடம் ஏன் பத்தல?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, ஸ்டார்ட்டப் இல்ல. ரயில். அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில இருந்து கிளம்புற ரயில், ஞாயித்துக்கிழமை ராத்திரி சென்னைக்குத் திரும்புற ரயில். உங்கள்ல பாதிப் பேருக்கு இப்பவே கழுத்து வலிச்சிருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் குப்பனூர். சேலத்துல இருந்து ஏற்காடு போக ரெண்டு வழி இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சது அடிவாரம் வழியா போற காட் ரோடு. இன்னொண்ணு எங்க ஊர் வழியா, கொட்டச்சேடு ஏறிப் போறது. அந்த மெயின் ரோட்டுல மழைக்கு மண் சரிஞ்சா, வண்டியெல்லாம் எங்க ஊருக்குள்ள வந்து நிக்கும். கோடை விழா கூட்டத்துல மலை இறங்குற வண்டிகளை எங்க பக்கம் திருப்பி விடுவாங்க. மத்த நாள்ல கோழி குறுக்க நடந்து போற ரோடு அது. அன்னிக்கு மட்டும் நாங்க எங்க வீட்டுக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகும். கெப்பாசிட்டின்னா என்னன்னு நான் படிச்சது இன்ஜினியரிங் காலேஜ்ல இல்ல, எங்க வீட்டுத் திண்ணையில.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வருஷம் அப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷன். சென்னையில ஒரு திங்கட்கிழமை காலையில செக்கப். "ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு ஒரு டிக்கெட் போட்டு வை கண்ணு"ன்னு மூணு வாரம் முன்னாடியே சொல்லிட்டார். நான் மறந்துட்டேன். ஞாபகம் வந்தப்ப வெயிட்டிங் லிஸ்ட் மூணு இலக்கத்துல. அப்பவும் நான் பதறல. ஏன்னா எங்கிட்ட ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது.

இதை இங்க ஒத்துக்கிறேன். தட்கல் ஃபார்ம்ல பேரு, வயசு எல்லாத்தையும் ஒரு செகண்டுல நிரப்புற ஒரு சின்ன புரோகிராம் எழுதி வெச்சிருந்தேன். ரெண்டு வருஷம் அதுலதான் ஊருக்குப் போனேன். ஃப்ரெண்ட்ஸ் கிட்ட பெருமையா காட்டியிருக்கேன். 2025 ஜூலைல இருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு, ஓடிபி எல்லாம் வந்துச்சு, ஏஜென்ட்டுகளும் முதல் அரை மணி நேரம் புக் பண்ண முடியாதுன்னு ஆச்சு. சனிக்கிழமை காலையில சரியா 11 மணிக்கு என் ஸ்கிரிப்ட் அந்த ஓடிபி பக்கத்துல போய் முழிச்சுட்டு நின்னுச்சு. நான் கையால அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லாம் காலி.

அப்பா "பரவால்ல, நான் பாத்துக்கறேன்"னார். முன்பதிவில்லாப் பெட்டியில ஏறி வந்துட்டார். காலையில சென்ட்ரல்ல பாத்து "உட்கார இடம் கெடச்சுதா?"ன்னு கேட்டேன். "ஓ, கெடச்சுதே"ன்னார். எங்கன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் "காட்பாடில"ன்னார். சேலத்துல இருந்து காட்பாடி 200 கிலோமீட்டர். ஆபரேஷன் பண்ணின கண்ணோட, கக்கூஸ் கதவு பக்கத்துல, மூணு மணி நேரம்.

அன்னிக்கு எனக்கு வந்த கோபம் ரயில்வே மேல இல்ல, என் மேலதான். ஆனா அதுக்கு அப்புறம் ஒரு கேள்வி என்னை விடவே இல்ல. நான் தப்பு பண்ணினேன், சரி. அந்தப் பெட்டியில நின்னுட்டு வந்த மத்த எல்லாரும் என்ன தப்பு பண்ணினாங்க?

கணக்குப் போட்டுப் பாக்கலாம். 22 பெட்டி இருக்கிற ஒரு எக்ஸ்பிரஸை எடுத்துக்கோங்க. ரயில்வே அமைச்சகம் சொல்ற கொள்கைப்படி அதுல 12 பெட்டி ஏசி இல்லாதது, அதாவது ஜெனரலும் ஸ்லீப்பரும். 8 பெட்டி ஏசி. மீதி ரெண்டு லக்கேஜ், கார்டு, பவர் மாதிரி விஷயங்களுக்கு. ஒரு உதாரணத்துக்கு 4 ஜெனரல், 8 ஸ்லீப்பர், 7 மூணடுக்கு ஏசி, 1 ரெண்டடுக்கு ஏசின்னு வெச்சுக்குவோம். இப்ப ஓடுற எல்ஹெச்பி பெட்டியில ஸ்லீப்பருக்கு 80 படுக்கை, மூணடுக்கு ஏசிக்கு 72, ரெண்டடுக்குக்கு 52, ஜெனரலுக்கு சுமார் 100 சீட். கூட்டினா ஏறக்குறைய 1,600 பேர்.

இப்ப 300 பேர் கூடுதலா வராங்கன்னு வைங்க. பண்டிகை சீசன்ல 300 எல்லாம் ஒரு நம்பரே இல்ல. ரயில் முழுக்க அவங்களைச் சமமா பரப்பினா ஒரு பெட்டிக்கு 15 பேர் கூட. சிரமம்தான், ஆனா தாங்கும். நடக்கிறது அது இல்ல. ரிசர்வ்டு பெட்டியோட கதவு, கணக்குல, மூடியாச்சு. அங்க ஒரு படுக்கைக்கு ஒரு ஆள், ஆர்ஏசின்னா பக்கவாட்டுக் கீழ் படுக்கையில ரெண்டு ஆள், அவ்வளவுதான். ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்டதும் தானா ரத்தாகிடும். அந்த 300 பேரும் போக ஒரே இடம், நாலு ஜெனரல் பெட்டி. 100 சீட்டுல 175 பேர். அதுக்கு மேல எத்தனை பேர் வந்தாலும் அதே நாலு பெட்டிதான், ஏன்னா ஜெனரல் டிக்கெட்டுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கவுன்ட்டர்ல கேட்டுட்டே இருக்கலாம், கொடுத்துட்டே இருப்பாங்க.

நம்ம பாஷையில சொன்னா, ரிசர்வேஷன் சிஸ்டம் ஒரு ஸ்ட்ரிக்டான ரேட் லிமிட்டர். தாண்டினா ரிஜெக்ட். ஜெனரல் பெட்டிங்கிறது அந்த ரிஜெக்ட் ஆன ரிக்வெஸ்ட் எல்லாம் போய் விழுற ஒரு பழைய சர்வர். அதுல லிமிட்டும் இல்ல, மானிட்டரிங்கும் இல்ல. ஆபீஸ்ல யாராவது இப்படி டிசைன் பண்ணிட்டு வந்தா கோடு ரிவ்யூல நாம விடுவோமா?

இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு. சட்டத்துல லிமிட் இருக்கு! 1989ஆம் வருஷ ரயில்வே சட்டம், 57ஆவது பிரிவு. ஒவ்வொரு பெட்டியிலயும் அதிகபட்சம் எத்தனை பேர் போகலாம்னு ரயில்வே நிர்ணயிக்கணும், அதை எழுதியும் வைக்கணும்னு இருக்கு. 2025 பிப்ரவரி 15 அன்னிக்கு புது டெல்லி ஸ்டேஷன்ல கும்பமேளா கூட்டத்துல 18 பேர் நெரிசல்ல செத்துப் போனாங்க. அதுக்கு அப்புறம் டெல்லி ஹைகோர்ட் இந்தப் பிரிவைக் காட்டித்தான், ஒரு பெட்டிக்கு எத்தனை பேருன்னு முடிவு பண்ணிட்டு எதுக்கு அதுக்கு மேல டிக்கெட் விக்கறீங்கன்னு கேட்டது. கேள்வி நியாயமானது. ஆனா அடுத்த கேள்வி இருக்குல்ல? ஜெனரல் டிக்கெட்டுக்கும் லிமிட் வெச்சா, அன்னிக்கு எங்கப்பா சென்னைக்கே வந்திருக்க முடியாது. நெரிசல்ல நிக்கிறதா, ஊர்லயே நிக்கிறதான்னு கேட்டா, பெட்டி இல்லாதப்ப லிமிட் மட்டும் போடுறது ஏழையை வெளியில நிறுத்துற வேலையா ஆயிடும். நான் இதுல ரொம்ப நாள் குழம்பியிருக்கேன். லிமிட் வேணும், ஆனா பெட்டி முதல்ல வரணும். இதுதான் என் நிலைப்பாடு.

"அப்ப பெட்டியைச் சேக்க வேண்டியதுதானே?" கமென்ட்ல இதைத்தான் எல்லாரும் கேப்பீங்க. நம்ம ஊர்ல சர்வர் பத்தலைன்னா ஒரு பட்டனைத் தட்டினா இன்னொண்ணு வந்துடும். ரயில்ல அப்படி இல்ல. ஒரு எல்ஹெச்பி பெட்டியோட நீளம் சுமார் 24 மீட்டர். 22 பெட்டின்னா 528 மீட்டர், இன்ஜினோட சேத்து 550 கிட்ட வந்துடும். நம்ம பெரிய ஸ்டேஷன் பிளாட்பாரங்களோட நீளமும் ஏறக்குறைய அங்கதான் முடியுது. முன்னாடி நீலக் கலர் ஐசிஎஃப் பெட்டி இருந்தப்ப 24 பெட்டி வரைக்கும் போட்டாங்க, ஏன்னா அந்தப் பெட்டி நீளம் கம்மி. பெரம்பூர்ல அந்தப் பழைய டிசைனை 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. எல்ஹெச்பி பாதுகாப்பானது, மோதினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. அதனால மாத்தினது சரிதான். ஸ்லீப்பர்ல 72 படுக்கை 80 ஆனதால எண்ணிக்கையிலயும் நஷ்டம் இல்ல.

நஷ்டம் வந்தது வேற இடத்துல. நடுவுல சில வருஷம் நிறைய ரயில்ல ஸ்லீப்பரைக் கழட்டிட்டு மூணடுக்கு ஏசி மாட்டினாங்க. 80 போய் 72 வருது. எட்டு படுக்கைதானேன்னு தோணும். ஆனா டிக்கெட் விலை ரெண்டு மடங்குக்கு மேல. அந்த 80 பேர்ல எத்தனை பேர் ஏசிக்குப் போவாங்க? முடியாதவங்க எங்க போவாங்க? திரும்பவும் அதே நாலு பெட்டி. அப்புறம் எதிர்ப்பு வந்து, ஜெனரல் பெட்டி சேக்கிறோம்னு அறிவிச்சாங்க. 2023 டிசம்பர் கடைசியில ஏசியே இல்லாத அம்ரித் பாரத் ரயிலும் வந்துச்சு. 22 பெட்டி, அதுல 12 ஸ்லீப்பர், 8 ஜெனரல். ரயில்ல வேகத்தை விட எனக்கு இந்த எட்டுதான் பிடிச்ச நம்பர்.

சரி, ரயிலை நீளமாக்க முடியலைன்னா எண்ணிக்கையைக் கூட்டலாமா? இங்கதான் தண்டவாளம் வருது. சென்னையில இருந்து பெங்களூர் போறது, கோயம்புத்தூர் போறது, கேரளா போறது, பெரும்பாலும் அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடின்னு ஜோலார்பேட்டை வரைக்கும் ஒரே பாதையிலதான் போகுது. அங்கதான் பெங்களூர் லைன் பிரியுது. இதுக்கு நடுவுல சரக்கு ரயிலும் போகணும். இதுல வேகமா ஒரு ரயில் வந்தா, முன்னாடி மெதுவா போற ரயிலை ஓரமா லூப் லைன்ல நிறுத்தி வழி விடணும். பாதையில ஓடுறதுக்கான நேரத்தை 'பாத்'னு சொல்லுவாங்க. ஒரு பாத்ல 1,600 பேரையும் கொண்டு போகலாம், 530 பேரையும் கொண்டு போகலாம். 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச சென்னை - கோவை வந்தே பாரத்ல முதல்ல 8 பெட்டிதான், 530 சீட். நானும் போயிருக்கேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வெறும் எட்டு பெட்டியோட அவ்வளவு நெரிசலான பாதையில ஒரு இடத்தை எடுத்துக்கிறது எனக்கு உறுத்துச்சு. திருநெல்வேலி வந்தே பாரத்தை 8ல இருந்து 16 பெட்டியா 2025 ஜனவரியில மாத்தினாங்க. மனசு வெச்சா முடியுது.

இந்தத் தப்பை பிரிட்டன்காரங்க நமக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க. 2002ல வர்ஜின் கம்பெனி அங்க கிராஸ்கன்ட்ரி ரயில்களை மாத்தினப்போ, ஏழெட்டுப் பெட்டி இருந்த ரயிலை எடுத்துட்டு நாலஞ்சு பெட்டி ரயிலை அடிக்கடி விட்டாங்க. ஒரு நாலு பெட்டி ரயில்ல சுமார் 200 சீட்டுதான். அடிக்கடி ரயில் வருதுன்னதும் ஜனம் அதிகமாச்சு, சீட் பத்தல. இருபது வருஷம் கழிச்சும் அதே சின்ன ரயில்கள்தான் பர்மிங்காம் வழியா ஓடுது, ஜனம் நின்னுட்டுத்தான் போகுது. ஆனா ஒரு வித்தியாசம். அங்க சாதாரண டிக்கெட்டுக்கு சீட் உத்தரவாதம் கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸை விட்டா, எந்தப் பெட்டியிலயும் ஏறி நிக்கலாம். கஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கறாங்க. கோட் போட்டவரும் நிக்கறார். அதனால அவர் கத்தறார், பேப்பர்ல வருது. நம்ம ஊர்ல கஷ்டம் முழுக்க ரயிலோட ரெண்டு முனையில இருக்கிற பெட்டிக்குள்ள அடைஞ்சு கிடக்கு. நடுவுல ஏசியில போர்வை போத்திட்டுப் படுத்திருக்கிற என்னை மாதிரி ஆளுக்கு அது தெரியறதே இல்ல. பத்து வருஷமா நான் அந்த ரயில்லதான் போயிட்டு இருக்கேன்.

தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் சேலத்துல நிக்கிறப்ப ஜெனரல் பெட்டியைப் பாத்திருக்கீங்களா? திருப்பூர், கோயம்புத்தூர் வேலைக்கு வர்ற பசங்க. எங்கப்பா நின்னது மூணு மணி நேரம். அவங்க ரெண்டு ராத்திரி. "வடக்கன்ஸ் ரிசர்வேஷன்ல ஏறிட்டாங்க"ன்னு வீடியோ போடுறவங்க, அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. ரிசர்வ் பண்ணினவங்க கோபம் எனக்குப் புரியுது, காசு கொடுத்த இடம்தான். ஆனா அந்தப் பையனும் டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கான்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல மறந்துட்டேன். எங்க மலை பேர்லயே ஒரு ரயில் இருக்கு, ஏற்காடு எக்ஸ்பிரஸ். சென்னைக்கும் ஈரோட்டுக்கும் நடுவுல ஓடுது. ஏற்காட்டுக்குப் போகாது, மலையில தண்டவாளமே கிடையாது. காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் இதை நம்பி, "ட்ரெயின்லயே நேரா உங்க மலைக்கு வரேன்டா"ன்னு கிளம்பினான். விடிஞ்சு பாத்தா ஈரோடு.

நான் இப்ப என்ன பண்றேன்? முன்பதிவு 2024 நவம்பர்ல இருந்து 120 நாள் இல்ல, 60 நாள்தான். காலண்டர்ல அப்பாவோட ஒவ்வொரு செக்கப்புக்கும் 60 நாள் முன்னாடி அலாரம் வெச்சிருக்கேன். ஸ்கிரிப்டை அழிச்சுட்டேன். அது வேலை செஞ்ச ரெண்டு வருஷத்துல, எனக்குக் கிடைச்ச ஒவ்வொரு படுக்கையும் கவுன்ட்டர் வரிசையில நின்ன யாரோ ஒருத்தருக்குக் கிடைக்காமப் போனதுதான்னு அன்னிக்கு சென்ட்ரல் வாசல்ல நின்னப்பதான் உறைச்சுது.

போன மாசம் அப்பாவுக்கு லோயர் பெர்த் கன்ஃபர்ம் ஆச்சு. சந்தோஷமா போன் பண்ணிச் சொன்னேன். "சரி கண்ணு"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னிக்கு காட்பாடில எழுந்து எனக்கு இடம் கொடுத்த பையன், அவன் இறங்க வேண்டிய ஊரே அது இல்ல. அரக்கோணம் வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தான்"னார்.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.