கவிஞனுக்கு ஒரு கதிரை

பரிசுக்கு வந்த கவிதை என்றதும் தமிழர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தருமியின் கதை. பாண்டியன் அறிவித்த பொற்கிழியைப் பெறுவதற்கு, இறைவன் எழுதிக்கொடுத்த பாடலோடு சபைக்கு வந்த அந்த ஏழையை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும், அவனைக் காட்டிலும் நக்கீரரையே நாம் ஆழமாக நினைவில் வைத்திருக்கிறோம். பாடலிலே குற்றம் உண்டு என்று சபை நடுவே எழுந்து, இன்ன குற்றம் என்று காரணமும் சொன்னவர் அவர். இக்கதையை வழிவழியாகச் சொல்லி வந்தவர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. கவிதைப் போட்டி ஒன்றில் வெற்றி பெற்றவர் யார் என்பதைப் போலவே, அந்த வெற்றிக்குக் காரணம் என்ன என்பதும் சபைக்குத் தெரிந்தாக வேண்டும்.

நேயர்களே, இந்த உண்மையைத் தன் தேசிய வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட ஒரு சிறிய நாட்டைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அது இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸ். அந்நாட்டின் பழைய மொழியான வெல்ஷ் மொழியை 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது மக்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசினார்கள். 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது நூற்றுக்குப் பதினெட்டுக்கும் சற்றுக் குறைந்தது. ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர். பக்கத்திலே ஆங்கிலம் என்னும் பெருங்கடல் அலையடித்துக்கொண்டிருக்க, இந்த மொழி இன்னமும் கரையாமல் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அங்கே நடைபெறும் ஒரு கவிதைப் போட்டி.

ஐஸ்டெத்வொட் என்பது அவ்விழாவின் பெயர். இசை, நாடகம், நடனம், உரைநடை எனப் பல துறைகளிலும் அங்கே போட்டிகள் உண்டு. எனினும் விழாவின் சிகரமாகக் கொள்ளப்படுவது கவிஞனுக்குக் கதிரை வழங்கும் சடங்குதான். இதன் வரலாற்றை 1176ஆம் ஆண்டு வரை கொண்டு செல்வார்கள். அந்த ஆண்டு ரீஸ் என்னும் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைவாணர்களையும் கூட்டிப் போட்டி நடத்தி, வென்றவர்களுக்குக் கதிரைகள் வழங்கினார். இன்றைய தேசிய விழா 1861ஆம் ஆண்டில் அபெர்டேர் என்னுமிடத்தில் தொடங்கியது. ஒரு வருடம் வடக்கிலும் மறு வருடம் தெற்கிலுமாக ஊர் மாறி ஊர் இது நடைபெறும். 1950 முதல் வெல்ஷ் மொழி ஒன்றே விழா மேடையின் மொழி என்பது விதியாயிற்று.

கதிரைக்கான கவிதை மரபு யாப்பிலே அமைய வேண்டும். அந்த யாப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெண்பாவின் தளையை அறிந்த நமக்கு அது விளங்கக் கடினமாயிராது. வெல்ஷ் மரபில் இருபத்துநான்கு பாவகைகள் உண்டு. ஒவ்வோர் அடிக்குள்ளும் ஒலிகள் ஒன்றுக்கொன்று இணங்கி வரவேண்டும். அதன் ஒரு வகையில், அடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் பிற்பாதியிலும் அதே வரிசையில் மீண்டும் வரும். நம்முடைய மோனையையும் எதுகையையும் சேர்த்து இன்னும் இறுக்கிக் கட்டியது போன்ற ஓர் ஒழுங்கு அது. அவ்வளவு கட்டுக்குள்ளே நின்றுகொண்டு சொந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கேதான் கவிஞனுக்குச் சோதனை.

கவிதையைப் புனைபெயரில் அனுப்ப வேண்டும். உண்மைப் பெயர் தனியான உறையில் மூடி ஒட்டப்பட்டிருக்கும். மூன்று நடுவர்கள் வாசித்துத் தனித்தனியே தீர்ப்பு எழுதுவார்கள். விழா நாளன்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடுவருள் ஒருவர் தீர்ப்பைப் படிப்பார். பின்பு வென்றவரின் புனைபெயர் அழைக்கப்படும். எக்காளம் ஒலிக்கும். சபையிலே எங்கோ ஓரிடத்தில், இதுவரை பக்கத்துக் கதிரைக்காரருக்கும் தெரியாமல் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து நிற்பார். அவரை மேடைக்கு அழைத்துச் சென்று, "அமைதி நிலவுகிறதா?" என்று தலைமைக் கவி மூன்று முறை கேட்பார். "அமைதி!" என்று சபை மூன்று முறையும் விடை கூறும். அதன் பின்னரே கவிஞர் கதிரையில் அமர்த்தப்படுவார்.

1917ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் திகதி இச்சடங்கு பேர்கன்ஹெட் நகரில் நடந்தது. லிவர்பூலுக்கு எதிரே உள்ள அந்நகர் இங்கிலாந்தைச் சேர்ந்ததாயினும், வெல்ஷ் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது. அன்று எக்காளம் ஒலித்தும் எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தார்கள். அப்போதும் எவரும் எழவில்லை. வென்ற கவிதையை எழுதியவர் எலிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ் என்னும் போர்வீரர். ஹெத் வின் என்பது அவருடைய கவிப்பெயர். தூய அமைதி என்று அதனைத் தமிழாக்கலாம். ஜூலை 31ஆம் திகதியே அவர் பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டுவிட்டார் என்ற செய்தி சபையில் அறிவிக்கப்பட்டது. வெறுங் கதிரையின் மீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. 'கறுப்புக் கதிரை விழா' என்றே அவ்வாண்டு விழாவை இன்றும் அழைக்கிறார்கள்.

ஹெத் வின் மலைநாட்டுப் பண்ணை ஒன்றில் ஆடு மேய்த்தவர். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. சிற்றூர்களில் நடந்த போட்டிகளிலே எழுதி எழுதிப் பழகியவர். 1916ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் இரண்டாம் இடம் அவருக்குக் கிடைத்தது. தம்பி படைக்குப் போக நேரக்கூடாது என்பதற்காகத் தாமே சேர்ந்தார். 'வீரன்' என்னும் கவிதையைப் போர்முனைக்குப் போகும் வழியிலே எழுதி முடித்துத் தபாலில் அனுப்பினார். அந்த ஆண்டுக் கதிரையைச் செதுக்கியவரோ போருக்குத் தப்பி பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அகதி. அகதியின் நாட்டிலே கவிஞர் மாண்டார். கவிஞரின் வீட்டுக்கு அகதி செய்த கதிரை போயிற்று. போரையும் அகதி வாழ்வையும் அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அக்கதிரை அவர் வாழ்ந்த பண்ணை வீட்டில் இன்றும் பேணப்படுகிறது. 1992ஆம் ஆண்டில் அவருடைய வாழ்வு திரைப்படமாகி, ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இந்தக் கதையின் உருக்கத்திலே நாம் ஒன்றைக் கவனியாமல் விடக்கூடாது. நடுவர்கள் ஓர் இறந்த வீரனுக்காக இரங்கிப் பரிசு கொடுக்கவில்லை. எழுதியவர் பேராசிரியரா, மேய்ப்பரா என்பதையும் அவர்கள் அறியார்கள். கவிதை ஒன்றுதான் அவர்கள் முன் இருந்தது. புனைபெயர் என்னும் ஏற்பாடு செய்த உபகாரம் அது.

அப்படியாயின் அங்கே தவறே நிகழவில்லையா? நிகழ்ந்தது. 1928ஆம் ஆண்டில் ட்ரியோர்க்கியில் 'புனிதர்' என்று பொருள்படத்தக்க தலைப்பிலே போட்டி வைத்தார்கள். குவெனால்ட் என்னும் கவிஞர் அப்புனிதரின் உடல் வேட்கைகளையும் மறைக்காமல் பாடினார். நடுவர்களுக்கு அது ஒவ்வவில்லை. எவருக்கும் கதிரை இல்லை என்று தீர்த்தார்கள். தகுதியான படைப்பு வரவில்லையென்றால் பரிசை நிறுத்திவைப்பது அங்கே வழக்கம். ஆனால் அன்று நிறுத்தியதற்குக் காரணம் தகுதியா, நடுவர்களின் கூச்சமா என்று பெரிய விவாதம் மூண்டது. விவாதம் மூள முடிந்ததற்குக் காரணம், நடுவர்கள் தம் நியாயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள் என்பதே. கவிதையும் பின்னர் அச்சேறியது. மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே 1926இல் கதிரை வென்றிருந்த குவெனால்ட் 1931இல் மீண்டும் வென்றார். இன்று அவர் அம்மொழியின் பெருங்கவிகளுள் ஒருவர்.

1976ஆம் ஆண்டு கார்டிகனில் வேறொரு சிக்கல். நடுவர்கள் மிகச் சிறந்ததெனத் தேர்ந்த கவிதை டிக் ஜோன்ஸ் என்னும் விவசாயி எழுதியது. பத்தாண்டுகளுக்கு முன்னர் 'அறுவடை' என்னும் கவிதைக்காகக் கதிரை பெற்றவர் அவர். ஆனால் அவ்வாண்டு விழாவின் இலக்கியக் குழுவில் அவரும் ஓர் அங்கத்தவர் என்பது தெரியவந்தது. விதிப்படி அவர் போட்டியிட முடியாது. எனவே கதிரை அடுத்து நின்ற அலன் லுவிட்டுக்குச் சென்றது. அலன் லுவிட்டும் தேர்ந்த கவிஞரே. எனினும் அந்தச் சர்ச்சை நீண்ட காலம் ஓயவில்லை. விதி பெரிதா, கவிதை பெரிதா என்று ஒரு நாட்டு மக்கள் வாதாடினார்கள் என்றால், அந்நாட்டிலே கவிதைக்கு உள்ள இடத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

புனைபெயர் எல்லா அநீதியையும் போக்கிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரபின் இறுக்கம் குறைந்த கவிதைக்கு அவ்விழாவிலே கிரீடம் வழங்குவார்கள். அதனைப் பெற்ற முதற் பெண் டிலிஸ் கட்வலடர், ஆண்டு 1953. எலினெட் பிலிப்ஸ் என்னும் பெண்மணி 1967இல் கிரீடம் பெற்றபோது, கவிதை அவருடையதுதானா என்று புறம்பேசினார்கள். 1983இல் இரண்டாம் முறையும் வென்று அவர் விடை சொன்னார். கதிரையோ 2001ஆம் ஆண்டு வரை எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு வென்றவர் மெரெரிட் ஹொப்வூட். வளர்ந்த பிறகு யாப்பை வகுப்பிலே முறையாகக் கற்றவர் அவர். 2024இல் அவரே விழாவின் தலைமைக் கவியாகவும் ஆனார். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, உள்ளே வருவதற்கான கல்வியையும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். கதிரைச் சடங்கு முடிந்ததும் ஒரு நூல் விற்பனைக்கு வரும். வென்ற படைப்புகளும் நடுவர்களின் தீர்ப்புகளும் அதில் அடங்கியிருக்கும். தோற்ற கவிதைகளைப் பற்றியும் புனைபெயர் சுட்டி எழுதியிருப்பார்கள். இவர் யாப்பிலே சறுக்கினார், இவருக்குச் சொல்வளம் உண்டு, கருத்து வளரவில்லை, இன்னொருவர் கடைசிப் பகுதியிலே தளர்ந்துவிட்டார் என்றெல்லாம் இருக்கும். தோற்றவர் தம் வீட்டு மூலையில் இருந்து அதைப் படிப்பார். அவர் யாரென்று ஊருக்குத் தெரியாது; ஆகவே அவமானம் இல்லை. குறை எது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த ஆண்டு வழி இருக்கிறது. ஹெத் வின் இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது ஒரே ஆண்டில். வாசகரோ கவிதையையும் தீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவருக்கே தீர்ப்புக் கூறத் தொடங்கிவிடுவார்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1979 முதல் பிபிசியின் வெல்ஷ் வானொலியிலே கவிஞர் குழுக்கள் மோதும் நிகழ்ச்சி ஒன்று ஒலிபரப்பாகி வருகிறது. அதன் பெயருக்குச் சேவற்போர்க் களம் என்ற கருத்தும் உண்டு. ஊர் ஊராக ஒரு குழு. கொடுத்த பொருளில், கொடுத்த யாப்பில் எழுதி வந்து வாசிக்க வேண்டும். கெரால்ட் லொயிட் ஓவன் என்னும் கவிஞர் 2011 வரை அதன் நடுவராக இருந்தார். பத்துக்கு இத்தனை என்று புள்ளி வழங்குவதோடு, ஏன் அத்தனை என்றும் அங்கேயே சொல்லிவிடுவார். வீட்டிலே இருந்து கேட்பவர் தாமும் ஒரு புள்ளி போட்டுப் பார்ப்பார். கவிதை கேட்கத் தெரிந்த ஒரு சமூகம் இவ்வாறுதான் உருவாகிறது.

நம்மிடையேயும் கவிதைப் போட்டிகளுக்குக் குறைவில்லை. பாடசாலைகளில், சனசமூக நிலையங்களில், கோவில் விழாக்களில், பத்திரிகைகளில் அவை நடக்கின்றன. முடிவிலே மூன்று பெயர்களும் ஒரு படமும் வெளிவரும். முதற் பரிசு பெற்றவர் ஏன் பெற்றார் என்பது அவருக்கே தெரியாது. பெறாதவர் நடுவரின் ஊரையும் உறவையும் ஆராயத் தொடங்குவார். காரணம் சொல்லப்படாத இடத்தைச் சந்தேகம் வந்து நிரப்பிவிடுகிறது.

கதிரை செய்து கொடுக்க நமக்கு வசதி இல்லாதிருக்கலாம். பொற்கிழிக்கும் பணம் இல்லாதிருக்கலாம். நடுவரின் ஒரு பக்கத் தீர்ப்புரையை அச்சிடுவதற்கு அதிகம் செலவாகாது. போட்டி நடத்துவோர் அடுத்த முறை வெற்றியாளரின் படத்தைச் சற்றே சிறிதாக்கி, அந்த இடத்தில் அத்தீர்ப்புரையை வெளியிடுவார்களாக. தோற்றவர்களில் ஒருவராவது அதைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுவார்.