நானோ துளையும் கட்டுவிரியனும்

(செங்கல்பட்டு மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இ-சேவை மைய இயக்குநர்களுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். அதனால் தூக்கம் வராத விஷயமாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறேன். பாம்பு.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலம். தரையில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை விடியற்காலையில் எழுந்து, "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறது. கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை. கட்டுவிரியன் இப்படித்தாங்க. ராத்திரியில், தூங்குகிற ஆளை, பல சமயம் வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போய்விடும். டாக்டருக்கு அப்போது ஒரே கேள்விதான்: இந்த ரத்தத்தில் விஷம் இருக்கா, இல்லையா? விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து தயாராவது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். தேவையில்லாமல் போடக்கூடாது, போட வேண்டிய இடத்தில் தயங்கவும் கூடாது.

இப்போது நம் கையில் இருப்பது 20 நிமிட சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விரியன் விஷம். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடிக்கு இது நல்ல சோதனை. ஆனால் நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குகிறவை. அந்தப் பிள்ளையின் ரத்தம் குழாயில் ஒழுங்காக உறைந்துவிடும். சோதனை சரி என்று சொல்லும், பிள்ளைக்கு மூச்சு திணறும்.

பாம்பு விஷம் பெரும்பாலும் புரதங்களின் கலவை. அந்தப் புரதத்தை நேரடியாகவே கண்டுபிடிக்க முடியுமா? இங்கேதான் நானோ துளை வருகிறது. சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளில் மிக மெல்லிய சவ்வு. அதில் சுமார் 10 நானோமீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு துளை. நம் தலைமுடியின் தடிமனே 80,000 நானோமீட்டர் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சவ்வின் இருபுறமும் உப்புத் தண்ணீர். நம் மாமல்லபுரம் கடல் தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. மின்னழுத்தம் கொடுத்தால் துளை வழியே சிறு மின்சாரம் ஓடும். ஒரு புரதம் உள்ளே நுழைந்தால், குழாய்க்குள் நெல்லிக்காய் புகுந்த மாதிரி, ஓட்டம் ஒரு கணம் குறையும். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நேரம் குறைந்தது என்பதை வைத்து உள்ளே போனது பெரியதா சிறியதா என்று கணக்கிடலாம்.

புதுசாகத் தெரிகிறதா? உங்கள் ஆஸ்பத்திரியில் ரத்த அணுக்களை எண்ணும் மெஷின்கள் பலவற்றின் சூத்திரமும் இதுதான். வாலஸ் கூல்ட்டர் என்பவர் 1953-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன் துளையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் நானோ துளை. 2001-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட செயற்கைத் துளையைச் செய்து காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

அப்புறம் ஏன் இன்னும் வார்டுக்கு வரவில்லை? நம் ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. விஷமோ மில்லிக்கு நானோகிராம் கணக்கு. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற கதைதான். போதாக்குறைக்கு, நல்லபாம்பின் நச்சுப் புரதங்கள் பல, அல்புமினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடையே உள்ளவை. கண் இமைப்பதற்குள் ஆயிரம் முறை கடந்து போய்விடும் வேகம். அதனால் அந்த விஷத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருளைத் துளையின் சுவரில் ஒட்டிவைப்பது ஒரு வழி. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

அந்தத் துளைக்கு "இது கட்டுவிரியன், இது நல்லபாம்பு" என்று சொல்லிக்கொடுக்க, கலப்பில்லாத விஷம் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பானைகளில் பாம்பை வைத்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பல ஆண்டுகளாகப் பெரும்பங்கு விஷம் இங்கிருந்துதான் போனது. நம் மாவட்டத்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே, இந்தத் தொழில் அறிவுக்காகத்தான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி அறிவிக்கை செய்ய வேண்டிய நோய். எனவே உங்களிடம் வரும் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்யுங்கள், "லேசான கடிதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஊரில் கேட்டால் சொல்லுங்கள்: கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-க்குப் போன் போடட்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

கருவி எப்போ வரும் என்று பின்வரிசையில் ஒரு தங்கச்சி கேட்கிறார். நாள் குறித்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும், அம்மா. அதுவரைக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்தான். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தப்பாகும், சோப்புப் போட்டுக் கழுவின பழைய குழாயும் ஆகாது. நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, புதுக் குழாய் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.