பொங்கிய தேன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பன் ஒருவன் நேற்று இரவு ஷாம்பெயினை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது என்று வகுப்பெடுத்தான். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நான், அப்படி ஒரு பாட்டிலை என் சமையலறையிலேயே தயாரித்தவன்!

2018 ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்காகக் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மறுநாள் ஆலத்தூர் நாட்டில் ஒரு பெரியவரிடம் இரண்டு கிலோ தேன் வாங்கினேன். "மழை நேரத்துத் தேனுங்க தம்பி, சீக்கிரம் செலவு பண்ணிடுங்க" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் வைத்தேன். பிள்ளைகள் ஈரக் கரண்டியை விட்டு எடுத்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. ஒரே புளிப்பு வாடை. "சர்க்கரைப் பாகைக் கலந்து ஏமாத்திட்டார்" என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். அவரிடம் வாங்குவதாக இருந்த நாலு பேரும் வாங்காமல் விட்டார்கள்.

அடுத்த வருஷம் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தண்ணி பட்டுச்சுங்களா? அடுப்புப் பக்கம் வச்சீங்களா?" இரண்டே கேள்வி. இன்ஜினியருக்குப் பதில் வரவில்லை.

விஷயம் இதுதான். தேன் பக்குவமானதும் தேனீ அறையை மெழுகால் மூடிவிடும். மூடாத அறையிலிருந்து எடுத்தாலோ, மழைக்காலத்தில் எடுத்தாலோ நீர் அதிகமிருக்கும். நீர் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால், தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். ஷாம்பெயினில் நுரைப்பதும் அதே வாயுதான். அங்கே அது வேண்டி விரும்பிச் செய்வது, இங்கே நம் அஜாக்கிரதை.

ஆகவே தேனைச் சுத்தமாகக் கழுவி நன்றாகக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி வையுங்கள். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அடுப்பும் வெயிலும் படாத இடம் நல்லது. எப்போதும் காய்ந்த கரண்டிதான். மழைத் தேன் என்றால் சிறிது சிறிதாக வாங்கி உடனே தீர்த்துவிடுங்கள்.

பக்குவமான தேனுக்கு பிரிட்ஜ் தேவையில்லை. குளிரில் உறைந்து சர்க்கரை போலானாலும் அது கலப்படம் அல்ல, குளுக்கோஸ் படிகமாவதுதான். 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம், மணம் போய்விடும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் சுத்தத்தை நிரூபிக்காது. அதற்குப் பரிசோதனைக்கூடம்தான் வேண்டும்.

இன்னொன்று. பிறந்த குழந்தை நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு வயது ஆகும்வரை கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் போட்டுலிசம் நோயைத் தரும் நுண்ணுயிர் வித்துகள் இருக்கலாம்.

அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கென்னங்க தம்பி" என்று சிரித்தார். மலையிலிருந்து இறங்கியதும், கலப்படம் என்று யார் யாரிடமெல்லாம் சொன்னேனோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் நம்பவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பது தேனைக் காப்பதைவிடக் கடினம்.

தம்பி தங்கைகளே, படித்தவன் சொன்னால் ஊர் நம்பும். அதனால் ஒருவரைக் குறை சொல்லுமுன், தப்பு நம் கரண்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.