யந்திரம் விலங்கை உடைத்ததா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்த சரித்திரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இந்த வாசகசாலையார் கேட்டுக்கொண்டார்கள். நான் கல்லூரிப் பக்கம் போனவனல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்து என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம்மில் சிலர், "காலம் மாறி வருகிறது, ரயிலும் மில்லும் யந்திரமும் பெருகினால் மேல் கீழ் என்கின்ற வித்தியாசமெல்லாம் தானாகவே தொலைந்துபோகும், இதற்காக ஏன் ஊர் ஊராய்ப் போய் விரோதத்தைச் சம்பாதிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

1790-ம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறக்குறைய 7 லட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாய் இருந்தார்கள். இந்த முறை நாளடைவில் தானாகவே தேய்ந்துவிடும் என்று அங்கேயும் பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில், அதாவது 1793-ல், எலி விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் யந்திரம் ஒன்றை உண்டாக்கினார். அந்நாட்டின் உட்பகுதிகளில் விளையும் பருத்தியில் பஞ்சு கொட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கையினால் ஓர் ஆள் நாள் முழுதும் பாடுபட்டாலும் சுமார் ஒரு ராத்தல் பஞ்சுதான் தேறும். யந்திரமோ நாளொன்றுக்குச் சுமார் 50 ராத்தல் எடுத்தது.

50 பேர் வேலையை ஒரு யந்திரம் செய்தால் அடிமையின் பாரம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நடந்ததோ நேர்மாறு. யந்திரம் கொட்டையைத்தான் நீக்கிற்று. களை கொத்துவதும் காட்டில் பஞ்சு எடுப்பதும் மனிதன் கைதான். இங்கிலாந்திலே லங்காஷையர் மில்கள் எவ்வளவு பஞ்சு வந்தாலும் வாங்கின. ஆகவே தோட்ட முதலாளிக்கு இன்னும் நிலம் வேண்டியிருந்தது. இன்னும் ஆள் வேண்டியிருந்தது. நிலத்திற்காக 1830-ல் ஒரு சட்டம் செய்து, செரோக்கி, சோக்டா முதலிய பூர்வ குடிகளை அவர்கள் பூமியிலிருந்து மேற்கே துரத்தினார்கள். ஆளுக்கு என்ன செய்தார்கள்? வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808 முதல் சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே உள்நாட்டிலேயே வியாபாரம் நடத்தினார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாகாணங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பக்கங்களுக்குச் சுமார் 10 லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். தாய் ஒருவனுக்கு ஏலம், பிள்ளை வேறொருவனுக்கு ஏலம். 1860-ல் அடிமைகளின் தொகை ஏறக்குறைய 40 லட்சம்! யந்திரம் விலங்கை உடைக்கவில்லை, தோழர்களே. இன்னும் விலங்கு செய்யச் சொல்லிற்று.

"வடக்கு மாகாணங்களில் அடிமைத்தனம் ஒழிந்துவிட்டதே, அங்கே கூலி வேலைதானே?" என்பீர்கள். மாசாசூசெட்ஸ் மாகாணத்து லோவெல் பட்டணத்து மில்களில் குடியானவர் வீட்டுப் பெண்கள் தினம் 12, 13 மணி நேரம் வேலை செய்தார்கள். கூலியைக் குறைத்தபோது 1834-லும், விடுதிச் செலவை ஏற்றியபோது 1836-லும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1840-களில் சாரா பாக்லி என்ற அம்மையார் முன்னின்று, 10 மணி நேர வேலை கேட்டுச் சட்டசபைக்கு விண்ணப்பம் போட்டார்கள். இந்த மில்களுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? அடிமை எடுத்த பஞ்சு. அங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி எங்கே போயிற்று? அடிமை உடுத்துவதற்கே திரும்பிப் போயிற்று.

ஆனால் இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. கூலிப் பெண் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம். அவளை ஏலம் போட முடியாது. அவள் பிள்ளையை விற்க முடியாது. "உங்கள் கூலியாளும் அடிமைதான்" என்று சொன்னவர்கள் யார் தெரியுமா? அடிமை முதலாளிகள்! தென் கரோலினாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட் என்பவர் 1858-ல் செனட் சபையில் எழுந்து, கட்டடத்திற்கு அடியிலே மரம் கிடப்பதுபோல் ஒவ்வொரு சமுதாயத்திற்கும் அடியிலே ஒரு கூட்டம் மிதிபட்டுக் கிடந்தே தீரவேண்டும் என்று வாதாடினார். அப்பேர்ப்பட்ட வாதம் உலகத்தில் எந்த நாட்டிற்கும் புதிதல்ல.

அடுத்தபடியாக வேதத்தை இழுத்தார்கள். நோவா தன் பேரனைச் சபித்த கதையைக் காட்டி, கறுப்பன் அடிமையாயிருப்பது ஆண்டவன் கட்டளை என்று பாதிரிகள் பிரசங்கம் செய்தார்கள். இந்தச் சண்டையிலே மெதடிஸ்டு சபை 1844-லும் பாப்டிஸ்டு சபை 1845-லும் வடக்கு தெற்கு என்று பிளந்தன. கடவுள் நம்பிக்கையுள்ள குவேக்கர்கள் முதலியோர் அடிமைத்தனத்தை எதிர்த்தார்கள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் விலங்கு பூட்டினான், ஒருவன் கழற்றச் சொன்னான் என்றால், முடிவு செய்தது புத்தகமா? மனிதனுடைய சுயநலமும் மனிதனுடைய யோக்கியதையுமே முடிவு செய்தன.

அப்படியானால் விலங்கை அசைத்தது எது? மனிதர்களுடைய பிடிவாதம். 1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமை கலகம் செய்து தூக்கிலே தொங்கினார். அதே வருஷம் பாஸ்டன் நகரில் வில்லியம் லாய்டு காரிசன் என்ற அச்சுத் தொழிலாளி, அடிமைகளை உடனே விடவேண்டும் என்று ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். 1835-ல் அவரைக் கயிற்றால் கட்டித் தெருவிலே இழுத்துச் சென்றார்கள். அந்தக் கூட்டத்திலே பட்டணத்துப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். பஞ்சு லாபம் வடக்கேயும் பாய்ந்ததல்லவா?

பிரெடெரிக் டக்ளஸ் என்பவரைப் பாருங்கள். சிறு பையனாய் அடிமைப்பட்டிருந்தபோது எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எஜமான், படித்தால் இவன் அடிமை வேலைக்கு உதவமாட்டான் என்று தடுத்துவிட்டான். அவனே வழி காட்டிவிட்டான்! டக்ளஸ் தன் ரொட்டியைத் தெருவிலே ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, பதிலுக்கு எழுத்தை வாங்கினார். பிறகு பால்டிமோர் துறைமுகத்திலே கப்பல் பலகை இடுக்குகளை அடைக்கும் தொழில் கற்றார். வாரக் கூலி முழுவதையும் எஜமான் வாங்கிக்கொண்டான். 1838-ல் மாலுமி வேஷம் போட்டு, இரவல் காகிதத்தைக் காட்டி, ரயில் ஏறித் தப்பினார். ரயில் உதவிற்று, வாஸ்தவந்தான். ஆனால் ஏறவேண்டும் என்ற துணிவு ரயில் கொடுத்ததல்ல. வடக்கே சேர்ந்த பின்பும், கறுப்பனோடு சேர்ந்து வேலை செய்யமாட்டோம் என்று அதே தொழில் செய்யும் வெள்ளைக்காரர்கள் மறுத்ததால், பாதிக் கூலிக்கு மூட்டை தூக்கினார். அந்த மனிதர்தான் பின்னர் தன் சரித்திரத்தை எழுதி, பத்திரிகை நடத்தி, நாட்டையே கலக்கினார்.

பெண்களையும் சொல்லவேண்டும். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திலே பிறந்த கிரிம்கே சகோதரிகள் 1837-ல் ஊர் ஊராய்ப் போய் அடிமைத்தனத்தைக் கண்டித்தார்கள். பெண்கள் சபையேறிப் பேசுவது தகாது என்று பாதிரிகள் கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். அடிமைக்காகப் பேச வந்த பெண்களுக்குத் தங்கள் வாயும் கட்டப்பட்டிருப்பது அப்போதுதான் நன்றாய்த் தெரிந்தது. 1848-ல் செனகா பால்ஸ் என்ற ஊரில் பெண்கள் மகாநாடு கூடி ஓட்டுரிமை கேட்டபோது, அந்தத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர் டக்ளஸ். ஒரு விலங்கை உண்மையாய் வெறுப்பவன் மற்ற விலங்கையும் வெறுப்பான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கடைசியில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. 6 லட்சத்திற்கு மேற்பட்ட பேர் மாண்டார்கள். சுமார் 1,80,000 கறுப்பு மக்கள் வடக்குப் படையில் சேர்ந்து போர் புரிந்தார்கள். 1865 டிசம்பரில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே, குற்றத்திற்குத் தண்டனையாக மட்டும் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். அந்தச் சந்தின் வழியாகத் தெற்கு மாகாணங்கள் அற்பக் காரணங்களுக்காகக் கறுப்பு மக்களைச் சிறையில் தள்ளி, சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டன. அலபாமாவில் இது 1928 வரை நடந்தது. வெளியே இருந்தவர்களோ வாரத்திற்கு உழுது கடனிலே மூழ்கினார்கள். பொது இடங்களில் சமத்துவமும் ஓட்டும் உறுதிப்பட 1964, 1965-ம் வருஷத்துச் சட்டங்கள் வரை போராட வேண்டியிருந்தது. யந்திரம் தானே செய்யாததைப்போலவே சட்டமும் தானே செய்யவில்லை.

இந்தச் சரித்திரத்தின் அர்த்தத்தை நம் நாட்டில் முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்து ஜோதிராவ் பூலே. 1873-ல் 'குலாம்கிரி', அதாவது அடிமைத்தனம், என்ற புத்தகத்தை எழுதி, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க நல்லோருக்கு அதைக் காணிக்கையாக்கினார்.

தோழர்களே! யந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், இன்னும் வேண்டும். யந்திரம் யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்று கேட்கும் மனிதனும் கூடவே வேண்டும் என்றுதான் சொல்லுகிறேன். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதை 1830-ல் வட கரோலினாவும் 1831-ல் வர்ஜீனியாவும் சட்டம் போட்டுத் தடுத்தன. கலப்பைக்கும் கோடாலிக்கும் பயப்படாதவன் எழுத்துக்குப் பயந்தான். புத்தகத்தின் மதிப்பு அவனுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரிய வேண்டாமா? ஆகவே இந்த வாசகசாலையின் அலமாரியைப் பூட்டி வைத்து ஆண்டுக்கொருமுறை விழாவுக்காகத் திறக்காதீர்கள். நாளை முதல் ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். படிக்கத் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். அந்த ஒருவர் உங்கள் வீட்டுப் பெண்ணாய் இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.